ஒன்பதாவது ஆட்டம்

கல்லூரிக் கூடைப்பந்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான கேடயத்தை நான் முதன்முதலாகத் தொட்டது அனுமதியில்லாமல்தான். முந்திய வருடம் எங்கள் கல்லூரிக்காரன் ஒருவன் வென்றிருந்ததால் அது எங்கள் விளையாட்டு மண்டப வாசலில், கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. துப்புரவு செய்கிறவர் அலுமாரியைத் திறந்துவைத்துவிட்டு வாளி எடுக்கப் போன இடைவெளியில் கையை விட்டுவிட்டேன். சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வருடம். கடைசித் தகட்டுக்குப் பக்கத்தில் வெறும் மரம். அந்த மரத்தைப் பார்த்ததும் எனக்குப் பசித்தது. உண்மையாகவே, வயிற்றில்.

லீக்கில் ஏழு கல்லூரிகள், ஒவ்வொரு அணிக்கும் பன்னிரண்டு ஆட்டங்கள். விருதை முடிவு செய்யும் விதம்தான் என்னைக் கிறுக்காக்கியது. ஆட்டம் முடிந்ததும் எதிரணிக் கோச் ஒரு அட்டையில் எங்கள் அணியிலிருந்து மூன்று பெயர்களை எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுப்பார். சொந்தக் கோச்சுக்கு வாக்கில்லை. அதாவது, இப்போதுதான் என்னால் தோற்றுப்போன மனிதர், அந்த எரிச்சல் ஆறுவதற்குள் என் பெயரை எழுத வேண்டும். இதைவிடப் பெரிய புகழ் உலகத்தில் இருக்க முடியாது என்று நம்பினேன். ஒரே ஒரு நிபந்தனை: பன்னிரண்டில் ஒன்பது ஆட்டங்களிலாவது களத்தில் கால் வைத்திருக்க வேண்டும். எனக்குத் தொடக்கத்திலேயே கணுக்கால் பிசகி மூன்று ஆட்டங்கள் போய்விட்டன. மிச்சம் சரியாக ஒன்பது. அதில் ஏழை ஆடி முடித்திருந்தேன். பதினேழு வயது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில் கடைசி வருடம், இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

பெப்ரவரியில் ஒரு பயிற்சி நாள். மண்டபத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இருபது தடவை ஓடிவிட்டு உடுப்பு மாற்றும் அறையின் மர வாங்கில் உட்கார்ந்தேன். நிலம் மெதுவாக என்னை நோக்கி ஏறி வந்தது. கண் விழித்தபோது கன்னம் தரை ஓடுகளில் ஒட்டிக் கிடந்தது. எங்கள் அணியில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழன் பக்கத்தில் குந்தியிருந்தான். லண்டன் இல்ஃபோர்டில் பிறந்தவன், வருடம் முழுக்கப் பெஞ்சைச் சூடாக்கியவன்.

"மச்சான், நீ கந்தசஷ்டி விரதமா? டைம் முடிஞ்சுதெல்லோ?"

"தண்ணி குடிக்கேல்ல. அதுதான். கோச்சுக்குச் சொல்லாதை."

"சொல்லேல்ல. ஆனா நெக்ஸ்ட் டைம் விழேக்க எனக்கு மேல விழு, ஃப்ளோர் ஹார்ட்."

சிரித்தேன். சிரிக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு நடந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வீட்டில் நடந்தது. டூட்டிங்கில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தோம். பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பிடிக்க முடியாமல் ஓடியே வீட்டுக்கு வந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாவி, மேற்படியில் விழுந்தேன். அம்மா கதவைத் திறந்தபோது என் தலை அவருடைய செருப்பின் மேல் இருந்ததாம். அப்பா பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட். அம்மா என் கையில் போனைத் திணித்தார். "இப்பவே எடு. டொக்டருக்கு அடி."

எங்கள் வீட்டின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. நாங்கள் பத்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்தவர்கள். அங்கே அம்மா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். ஜெர்மன் மொழியில் கிழவர்களோடு சண்டை பிடிப்பார், டொக்டரோடு வாதாடுவார், என் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போய் வருவார். எங்கள் கார் கப்பலிலிருந்து டோவரில் இறங்கிய அன்றோடு அந்த மொழி பெட்டிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு கவுன்சில், வங்கி, பல் டொக்டர், என் கல்லூரியின் பெற்றோர் சந்திப்பு எல்லாவற்றிலும் நான்தான் அம்மாவின் வாய், அம்மாவின் காது. பெற்றோர் சந்திப்பில் கணித ஆசிரியர் சொன்னதை அவ்வப்போது கொஞ்சம் கத்தரித்திருக்கிறேன். பெரிய பொய்யில்லை, ஓரங்களை வெட்டிவிடுவதுதான். அதில் கை பழகியிருந்தது.

டொக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்தார். ஓரிடத்தில் வைத்து, எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். குந்தச் சொன்னார், எழும்பச் சொன்னார், மறுபடி கேட்டார். அவருடைய முகம் மாறவேயில்லை. மாறாமல் வைத்திருக்க அவர் எடுத்த சிரமம்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு நிதானமாகப் பேசினார். இதயத்தில் கேட்கக் கூடாத ஒரு சத்தம் கேட்கிறது. இதயத் தசை தடித்திருக்கலாம். அவசரமாக ஸ்கான் எடுக்க வேண்டும், இரண்டு கிழமைக்குள் அழைப்பு வரும். அதுவரை ஓட்டம் இல்லை, கூடைப்பந்து இல்லை, பஸ்ஸுக்குக் கூட ஓடக் கூடாது. உன் வயதுப் பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் விழுந்து எழும்பாமல் போவது இதனால்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அம்மாவைக் காட்டி, "அம்மாவுக்குச் சொல்லு" என்றார்.

அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தம் குறைவாம் அம்மா."

ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. இன்றைக்கும் என்னைப் பயமுறுத்துவது அந்த வேகம்தான்.

"அவ்வளவுதானோ? அவர் இவ்வளவு நேரம் கதைச்சவர்."

"இங்கிலீஷ் அப்பிடித்தான் அம்மா, நீட்டி நீட்டித்தான் சொல்லுவினம். கீரை, பேரீச்சம்பழம், ஈரல் எல்லாம் சாப்பிடட்டாம். ரெண்டு கிழமையால ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கான், சும்மா பாக்கவாம்."

அம்மாவின் தோள்கள் இறங்கின. டொக்டரைப் பார்த்துச் சிரித்தார். முகம் முழுக்கச் சிரித்து, "தாங்க்யூ டொக்டர், தாங்க்யூ" என்று கையெடுத்துக் கும்பிட்டார். டொக்டர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி ஏதோ தட்டினார். என்ன தட்டினார் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலையே அம்மா அப்பர் டூட்டிங் ரோட்டில் இறங்கிவிட்டார். பை தூக்க நானும் போனேன். எங்கள் ஆட்கள் போகிற மரக்கறிக் கடையில் முருங்கையிலைக் கட்டுகளை அம்மா ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கப்பல்ல வந்ததெல்லாம் உங்களுக்குத்தானோ?" என்றார் கடைக்காரர்.

"பொடியனுக்கு ரத்தம் காணாதாம்."

"ஆருக்கு, இவனுக்கோ? இவனைப் பாத்தா எங்கட ரத்தத்தையும் சேத்துக் குடிச்சவன் மாதிரியெல்லோ நிக்கிறான்."

அம்மா சிரித்தார். ஆனால் அன்றிரவு என்னை உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தார். கடைக்காரரின் வாயையும் சேர்த்து.

அந்த இரண்டு கிழமையும் ஒவ்வொரு வேளையும் ஒரு தண்டனை. முருங்கையிலை வறை, பீட்ரூட், ஈரல் பிரட்டல். அம்மா ஈரலின் நல்ல துண்டுகளைத் தேடி என் சாப்பாட்டுக் கோப்பைக்குள் வைப்பார். கன்னத்தைக் கீழே இழுத்து என் கண்ணின் உட்பக்கத்தைப் பார்ப்பார். "இப்ப கொஞ்சம் சிவக்குது, என்ன?" என்பார். நான் "ஓமம்மா" என்பேன். படுக்கையில் இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணைக்குள் என் இதயம் கேட்டது. வலது பக்கம் படுத்தேன். அப்போதும் கேட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா என்னை இப்படித் தனியாக இதைக் கேட்க விட்டிருக்க மாட்டார். ஆனால் சொன்னால் இரண்டு ஆட்டங்கள் போய்விடும்.

எட்டாவது ஆட்டம் ஸ்கானுக்கு முந்திய புதன்கிழமை பின்னேரம், மேற்கு லண்டனில், எதிரணியின் மண்டபத்தில். ரயிலில் எல்லோரும் கத்திக்கொண்டு வந்தார்கள். நான் கைக்குட்டையால் மூடி மணிக்கட்டில் நாடியை எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணத் தொடங்கினாலே அது வேகமெடுத்தது.

பயந்தவன் எப்படி ஆடுவான் தெரியுமா? ஓடமாட்டான். பந்து கையில் விழுந்த கணமே அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவான். அன்று நான் அப்படித்தான் ஆடினேன். பந்து என்னிடம் வருமுன்பே அதை யாரிடம் தள்ளிவிடலாம் என்று கண் தேடியது. எங்கள் பையன்களுக்கு வெறும் கூடைக்குக் கீழே பந்து கிடைத்துக்கொண்டேயிருந்தது. "இதுதான்! இதைத்தான் ரெண்டு வருஷமாக் கேட்டேன்!" என்று கோச் பெஞ்சிலிருந்து துள்ளினார்.

மூன்றாவது கால்பகுதியில் ஒருவன் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினான். அவனைத் துரத்த நான்தான் பக்கத்தில். கால்கள் என்னைக் கேட்காமல் புறப்பட்டுவிட்டன. பாதி மண்டபம் போவதற்குள் மறுபடி அந்த நின்று திரும்பிப் பார்த்தல். இந்த முறை அது உடனே நடக்கத் தொடங்கவில்லை. ஒன்று, இரண்டு. சுவரோரம் வெளிச்சம் மங்கியது. நான் எங்கே விழுவேன் என்பது தெளிவாகத் தெரிந்தது: அந்த நீலக் கோட்டுக்கு மேல், இடது தோள் முதலில். விழுந்தால் கோச் வீட்டுக்குப் போன் எடுப்பார். அம்மா எடுப்பார். கோச் இங்கிலீஷில் சொல்வார். அம்மா வழக்கம்போல, "வெய்ட், மை சன்" என்று என்னைக் கூப்பிடுவதற்காகத் திரும்புவார்.

நெஞ்சு ஒரு உதை உதைத்துவிட்டுத் திரும்ப ஓடத் தொடங்கியது. நான் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். தசைப்பிடிப்பு என்று கையைக் காட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் என் இல்ஃபோர்ட் நண்பன் துவாயைப் போட்டான்.

"மச்சான், உன்ர டீஷேர்ட் தானா அடிக்குது. அங்க பார்."

பார்த்தேன். அடித்தது. துவாயால் மூடினேன்.

ஆட்டம் முடிந்து எதிரணிக் கோச் அட்டையை எழுதும்போது நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. முதல் வரியில் என் பெயர். எழுத்துக்கூட்டத் தெரியாமல் இரண்டு தடவை வெட்டி எழுதியிருந்தார். சாகப் பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த முதலாவது இடம். அப்போது அப்படித் தோன்றவில்லை. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது நரை விழுந்த ஒரு அம்மையார், கழுத்தில் அட்டை தொங்க, எங்களிடம் வந்தார்.

"வணக்கம். நான் உங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறன். உங்கட டொக்டர் கடிதத்தில கேட்டவர்."

அவர் தண்ணீர் எடுக்கப் போனபோது பின்னாலேயே போனேன்.

"அன்ரி, நீங்கள் தேவையில்லை. நான் எப்பவும் அம்மாவுக்குச் சொல்லுறனான். நீங்கள் போகலாம்."

அவர் குவளையை நிரப்பிவிட்டுத்தான் திரும்பினார். "தம்பி, இந்த வேலையில எனக்கு நிறையத் தம்பிமாரைத் தெரியும்" என்றார். கோபமில்லாமல். "டொக்டர்மார் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். அம்மாவுக்கு ஏதும் முதலே சொல்ல இருந்தா இப்ப போய்ச் சொல்லும். அஞ்சு நிமிஷம் இருக்கு."

ஐந்து நிமிடம் இருந்தது. நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுவரிலிருந்த தடுப்பூசி விளம்பரத்தை வாசித்தேன். முழுக்க வாசித்தேன். ஐந்து நிமிடமும் முடிந்தது.

ஸ்கான் எடுத்து முடித்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அங்கே வேறொரு டொக்டர், ஒரு பெண். அவர் பேசப் பேச, மொழிபெயர்ப்பாளர் ஒரு அடி பின்னால் அதே வேகத்தில் தமிழில் வந்துகொண்டிருந்தார்.

"உங்கட குடும்ப டொக்டர் சொன்னபடி மகன் இந்த ரெண்டு கிழமையும் ஓடாமல், விளையாடாமல் இருந்திருப்பார் எண்டு நம்புறன்."

"இல்லையே" என்றார் அம்மா. கொஞ்சம் பெருமையோடு கூட. "முந்தநாளும் விளையாடினவன். வெண்டுபோட்டு வந்தவன்."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒழுங்காக, ஒன்றும் உதிராமல் அம்மாவைப் போய்ச் சேர்ந்தன. இதயத் தசை தடித்திருக்கிறது. பிறப்பிலேயே வருவது. மாத்திரை உண்டு, நீண்ட காலம் வாழலாம். போட்டி விளையாட்டு இனி இல்லை. இதை முதலாவது டொக்டர் மகனிடம் விளக்கமாகச் சொல்லி, உங்களுக்கும் சொல்லச் சொன்னதாகக் கடிதத்தில் இருக்கிறது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கேட்டார்:

"கேளுங்கோ அக்கா. இன்னும் ஒருக்கா ஓடினா செத்துப்போவானோ?"

டொக்டரின் பதிலை அவர் அப்படியே சொன்னார்: "நடக்காமலும் விடலாம். நடந்தா, சொல்லிக்கொண்டு வராது."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். நான் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். அடிகூடப் பரவாயில்லை என்றிருந்தது. மூன்று தரிப்புகள் தாண்டிய பிறகு ஒரேயொரு வசனம்தான் சொன்னார்.

"அண்டைக்கு டொக்டர் அதைச் சொல்லேக்க நான் சிரிச்சனானடா."

கடைசி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை, எங்கள் மண்டபத்தில். கோச்சுக்கு நானே சொன்னேன். அவர் வெளிறிப்போய் என் தோளைப் பிடித்தார், பிறகு ஏதோ சூடுபட்டதுபோல் கையை எடுத்தார். அணியோடு பெஞ்சில் உட்கார வரலாம் என்றார். அம்மாவும் வந்தார். அதற்கு முன் ஒரு ஆட்டத்துக்கும் வந்திராதவர், குளிருடுப்பைக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் பார்க்க வரவில்லை. என்னைப் பார்க்க வந்தார்.

தொடங்குவதற்குக் கொஞ்சம் முன் கோச் என்னைக் கூப்பிட்டார். கண்கள் பளபளத்தன. இரவெல்லாம் விதிப்புத்தகத்தைப் படித்திருக்கிறார். களத்தில் கால் வைத்தால் போதும், அது ஓர் ஆட்டம். எதிரணிக் கோச்சோடும் பேசி முடித்தாயிற்று. நான் நடந்துபோய் ஓரக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். பந்து மேலே எறியப்படும், எதிரணிக்காரன் அதைப் பிடித்து அப்படியே நிற்பான், உடனே இங்கே டைம் அவுட், நான் நடந்து வெளியே வரலாம். ஒரு அடி கூட ஓடத் தேவையில்லை. ஒன்பதாவது ஆட்டம். "ஆனால் அம்மா சம்மதிக்க வேண்டும்" என்றார். "அம்மா வேண்டாம் என்றால் இல்லை."

நாங்கள் இருவரும் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றோம். கோச் குனிந்து, மெதுவாக, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். நான் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். எதையும் வெட்டவில்லை, எதையும் சேர்க்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் மொழிபெயர்த்ததில்லை.

அம்மா என் வாயைப் பார்த்தபடியே இருந்தார்.

"இது அவர் சொன்னதோ, நீ சொல்லுறதோ?"

"அவர் சொன்னதுதான் அம்மா. நடக்கிறது மட்டும்தான். சத்தியமா."

"அண்டைக்கு நான் சத்தியம் கேக்கேல்ல. கேட்டிருந்தா அதையும் பண்ணியிருப்பாய்."

என் நண்பன் பெஞ்சிலிருந்து ஓடி வந்தான். "அன்ரி, ட்ரூவாத்தான் சொல்லுறான். ஜஸ்ட் நிக்கிறது. ரன் இல்லை."

"நீயும் அவன்ர கூட்டாளிதானே தம்பி. விழுந்ததை நீ கண்டனியாம், இவனே சொன்னவன். ஆருக்குச் சொன்னனி?"

அவன் தலை குனிந்தான். அவனுக்குப் பின்னால் நடுவர் கையைத் தட்டி அணிகளை அழைத்தார். நான் முழங்காலிட்டு அம்மாவின் கையைப் பிடித்தேன். "பத்து செக்கன் அம்மா." என் குரல் கீச்சிட்டது. அவர் என் மணிக்கட்டை எலும்பு நோகப் பற்றிக்கொண்டார். அப்போதுதான், முதன்முறையாக, என்னுடையதைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த மண்டபத்தில் இருப்பதைக் கண்டேன்.

அம்மா என்னைத் தாண்டி கோச்சைப் பார்த்தார். தானாகவே, தன்னுடைய இங்கிலீஷில் சொன்னார்: "நோ. மை சன் நோ ப்ளே. சொறி சேர்."

கோச் நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டினார்.

நான் பெஞ்சில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். தோற்றோம். விருது விழாவும் அங்கேதான்; மற்றக் கல்லூரி அணிகளும் வந்திருந்தன, குடும்பங்களோடு உட்காரலாம் என்றார்கள். அம்மாவுக்கு வலது பக்கத்தில் போய் இருந்தேன். மண்டபத்தின் நடுவில் ஒருவர் உறைகளையெல்லாம் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார், சிரித்தார்கள். பிறகு அந்தப் பெயர். வடக்கு லண்டனிலிருந்து வந்த கல்லூரியின் நெடிய பையன் ஒருவன் எழுந்தான். எனக்கு எதிராக ஆடியவன், நல்லவன், மண்டபம் முழுக்க எழுந்து தட்டியது. வாக்குகளில் நான்தான் முன்னால் நின்றேன் என்று கோச் சில நாட்களுக்குப் பிறகு சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அம்மாவும் எழுந்து நின்றார். என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்வதற்காக வாயைத் திறந்தேன்.

அவர் இடது பக்கம் திரும்பினார். அங்கே பச்சைத் தலைத்துணி கட்டிய, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய கையை மெல்லத் தொட்டு, "ப்ளீஸ், வாட் ஹி சே?" என்று கேட்டார்.